புதன்கிழமை எழுதிய உயில்

தீர ஆலோசித்து, வீட்டில் உள்ளவர்களின் கருத்தையும் கேட்டு, இன்று காலை நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். என் ஆபீஸ் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் தாளை இனி நான் கிழிக்கப்போவதில்லை, குமாஸ்தா கிழிப்பார். இந்த மாறுதல் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அமலுக்கு வருகிறது. குமாஸ்தாவிடம் முறைப்படி தெரிவித்தாகிவிட்டது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

காரணம் வாசனை. புதுக் காலண்டரின் தாளை வெடுக்கென்று இழுத்தால் தகரப்பட்டைக்கு அடியிலிருந்து ஒரு வாசனை எழும். மையும் மண்ணெண்ணெயும் பசையும் கலந்தது. உன் சட்டையிலிருந்து வந்த அதே வாசனை. காலையில் காப்பி குடிப்பதற்கு முன்னால் செத்துப்போன ஒருவன் வந்து பக்கத்தில் நிற்பதை என்னால் சகிக்க முடியவில்லை. உயிரோடு இருந்தபோதும் நீ அந்த நேரத்தில்தான் வருவாய். அப்போதும் சகிக்க முடிந்ததில்லை.

உன்னைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல வேண்டியதையெல்லாம் உன் இரங்கல் கூட்டத்திலேயே சொல்லி முடித்துவிட்டார்கள். பேசியவர்களில் மூன்று பேர் 'நேரம் தவறாதவர்' என்றார்கள். நான் தலையாட்டினேன். நீ எந்தக் காரியத்தையும் தவறான நேரத்தில் செய்ததில்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

சிவகாசியில் உன் அச்சகம் பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை. தை முதல் ஆனி வரைக்கும் விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனிகளுக்கு வெடிக்கட்டு லேபிள். ஆடிப்பெருக்கு வந்துவிட்டால் காலண்டர் சீசன். ஊர் ஊராக ஆர்டர் வரும். ஜவுளிக்கடைக்காரருக்கு முருகன், நகைக்கடைக்காரருக்கு லட்சுமி, கீழே கடையின் பெயர், அதற்கும் கீழே முந்நூற்றுச் சொச்சம் தாள்கள். ஒவ்வொரு தாளிலும் ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம். நீ கோயிலுக்குப் போய் நான் பார்த்ததில்லை. நீ நம்பியது நீயே அச்சடித்த காலண்டரை. ராகு காலத்தில் நகம் வெட்டமாட்டாய். எமகண்டத்தில் ஆர்டர் வந்தால் பார்ட்டியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்வாய்.

நான் கேலி செய்தால் கோபம் வராது உனக்கு. "ஏலே வக்கீலு, நீ கட்சிக்காரனுக்கு வாய்தா வாங்குதே. நான் கிரகத்துக்கிட்ட வாய்தா வாங்குதேன். ரெண்டுல எதுக்கு ஃபீஸ் கம்மின்னு பாத்துக்கோ" என்பாய்.

ஒரு வருஷம் உன் அச்சுக்கோப்பவர் திங்கட்கிழமையின் ராகு காலத்தைச் செவ்வாய்க்கும், செவ்வாயுடையதைத் திங்களுக்கும் போட்டுவிட்டார். பாதி லோடு வெளியே போன பிறகுதான் உனக்குத் தெரிந்தது. அன்று உன் முகத்தைப் பார்த்தவர்கள் எங்கோ வெடிமருந்து அறையில் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள். மீதிக் காலண்டர்களில் உன் தங்கை பொன்னுத்தாயும் பின்கட்டுப் பெண்களும் உட்கார்ந்து சின்னச் சின்னச் சீட்டுகளாக ஒட்டித் திருத்தினார்கள். வெளியே போன பாதியை என்ன செய்ய முடியும்? அந்த ஆண்டு முழுவதும் மூன்று தாலுகா மக்கள் தவறான நேரத்தில் பெண் பார்த்து, தவறான நேரத்தில் கடை திறந்து, தவறான நேரத்தில் பிள்ளைக்குக் காது குத்தினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதிலிருந்து நீ கற்றுக்கொண்டது, புரூஃபை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான்.

உன் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்படி ஒருவர் உனக்கு இருந்தார் என்பதே ஊருக்கு மறந்துவிட்டிருந்தது.

உலக யுத்தம் முடிந்த கையோடு நடந்த கல்யாணம். ராஜாமணி அம்மாள் விருதுநகரில் பருப்புக் கமிஷன் கடைக்காரரின் மகள். வழக்கப்படி முதல் ஆடிக்குப் பிறந்த வீட்டார் வந்து அழைத்துப் போனார்கள். வழக்கப்படி ஆவணியில் நீ போய்க் கூட்டி வந்திருக்க வேண்டும். இடையில் அவருடைய தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணப் பத்திரிகை உன் கைக்கு வந்தது. அதன் அடியில், பொடி எழுத்தில், உன் தெருவுக்கு மூன்றாவது தெருவில் இருக்கும் இன்னொரு அச்சகத்தின் பெயர் இருந்தது.

உன் மாமனார் நல்லெண்ணத்தில்தான் அப்படிச் செய்தார். மாப்பிள்ளையிடம் கூலி கொடுத்து அச்சடித்தால் மரியாதைக் குறைவு, கூலி இல்லாமல் அச்சடித்தால் மானக் குறைவு என்று வீட்டில் உட்கார்ந்து பேசி, இருவருக்கும் சங்கடம் வேண்டாம் என்று வெளியில் கொடுத்திருந்தார். சமாதானம் சொல்ல ஆள் அனுப்பினார். நானும் சொன்னேன்.

"போய்க் கூட்டிட்டு வாயேம்லே. பொம்பளப்பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சு?"

"நீ அந்தப் பத்திரிகையைப் பாத்தியா? எழுத்து ஒண்ணு மேல ஏறி நிக்கி, ஒண்ணு கீழ எறங்கி நிக்கி. பிள்ளையார் மூஞ்சியில மை அப்பிக் கெடக்கு. அதைக் கையில வச்சுக்கிட்டு நான் அங்கன போயி பந்தியில உக்காரணுமாக்கும்?"

நீ போகவில்லை. கூப்பிடாமல் வருவதற்கு அவருக்கும் மனம் இல்லை. ஆவணி போனது. பிறகு எத்தனையோ ஆவணி. நீங்கள் இருவரும் பிரிந்துவிட்டதாக எந்தப் பஞ்சாயத்தும் சொல்லவில்லை, எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. ஒரு பிள்ளையாரின் மூக்கு சரியாக விழாததால் ஒரு பெண் இருபது வருஷம் சுமங்கலியாகத் தகப்பன் வீட்டு அடுப்படியில் இருந்தார்.

உன் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் பொன்னுத்தாய் புருஷனை இழந்து உன் வீட்டுக்கு வந்தாள். பிள்ளை இல்லை. வந்த அன்றைக்கு அடுப்படிக்குள் போனாள். சில மாதத்தில் அச்சகத்தின் பின்கட்டுக்கும் வந்துவிட்டாள். தாளை அடுக்கித் துளைபோட்டுத் தகரப்பட்டை அடிக்கும் பெண்கள் அத்தனை பேரும் அவள் பொறுப்பு. மெஷின் வாங்கியது நீ. ஆர்டர் நாள் தவறாமல் வெளியே போனது அவளால். இதை நீயே எல்லோரிடமும் சொல்வாய், அவளிடம் தவிர. வாய் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் நீளம். "எண்ணே, உங்களுக்கு நல்ல நேரம் வர்றதுக்குள்ள கொழம்பு கெட்டுப்போகும்" என்று கூடத்திலிருந்து கத்துவாள். நீ குளிகை முடியட்டும் என்று காத்திருப்பாய்.

1956இல் டில்லியில் இந்துக்களின் வாரிசுரிமைக்கு ஒரு சட்டம் போட்டார்கள். அதைப் பற்றி நான் உனக்குச் சொன்ன இடம் நினைவிருக்கிறதா? பஸ் ஸ்டாண்டு ஓட்டலில், நீ முறுக்கைக் காப்பியில் தோய்த்துக்கொண்டிருந்தபோது.

"உயில் எழுதாமச் செத்துட்டா சொத்து யாருக்குன்னு இப்ப சட்டம் வரிசை போட்டு வச்சிருக்கு. மகன், மக, பொண்டாட்டி, தாயார். இவுகதான் முக்கியமா முதல் வகுப்பு. அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சியெல்லாம் ரெண்டாம் வகுப்பு."

"ரயிலு மாதிரி."

"ரயிலு மாதிரி இல்ல. ரயில்ல ரெண்டாம் வகுப்பும் சேந்து நகரும். இதுல முதல் வகுப்புல ஒரே ஒரு ஆளு உக்காந்திருந்தாப் போதும், ரெண்டாம் வகுப்பு ஸ்டேஷன்லயே நிக்கும். உனக்குப் பிள்ளை இல்ல. ஆத்தாளும் போயாச்சு. முதல் வகுப்புல யாரு இருக்கா?"

நீ முறுக்கைக் கீழே வைத்தாய்.

"அப்ப என் மெஷினு?"

"ராஜாமணிக்கு."

"வீடு?"

"ராஜாமணிக்கு. முன்னெல்லாம் விதவைக்கு உசுரோட இருக்குற வரைக்கும் அனுபவிக்கிற உரிமைதான், விக்க முடியாது. இப்ப முழுசா அவுகளுக்கு."

"பொன்னுக்கு?"

"ஒண்ணுமில்ல."

"கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுபோயி வேற அச்சாபீஸ்ல அடிச்சவகளுக்கா?"

"சட்டத்துல அச்சாபீஸைப் பத்தி எதுவும் போடல."

அன்று நீ பயந்ததைப் பார்த்து, முடிந்தது காரியம் என்று நினைத்தேன். சொத்து முழுவதும் உன் சம்பாத்தியம்; யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். வெள்ளைத்தாள் போதும். முத்திரைத்தாள் வேண்டாம். ரிஜிஸ்தர் செய்வதும் கட்டாயம் இல்லை. எழுதிய பிறகு மனம் மாறினால் கிழித்துவிட்டு வேறு எழுதலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும். உலகத்தில் இவ்வளவு மலிவாக, இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் காரியம் வேறு இல்லை. ஆனால் உயில் எழுதினால் சாவு வரும் என்று நீ நம்பினாய். எழுதாமல் இருந்தால் வராது என்று இதற்கு மறுபக்கமாக ஒரு நம்பிக்கையும் உனக்கு இருந்திருக்க வேண்டும். "வாயைக் கழுவுலே" என்பாய், நான் பேச்செடுக்கும்போதெல்லாம். இப்படியே இரண்டு காலண்டர் சீசன் போனது.

பிறகு நீயாக வந்தாய். உன் வயதுக்காரன் ஒருவன் திடீரென்று போய்விட்டான். அவன் தம்பிகள் பிணத்தை வைத்துக்கொண்டே அடித்துக்கொண்டதைப் பார்த்திருந்தாய். எழுதுவது என்று முடிவானதும், அதை எடுப்பாகச் செய்ய வேண்டும் என்று தோன்றிவிட்டது உனக்கு. மெட்ராஸுக்குப் போய், பெரிய வக்கீல் ஆபீஸில், நாற்காலியில் உட்கார்ந்து எழுத வேண்டுமாம்.

"அங்க போயி எழுதாத. மெட்ராஸ் பட்டணத்துக்குள்ள எழுதின உயிலுக்கு, நீ செத்த பிறகு ஹைகோர்ட்ல புரொபேட் வாங்கணும். நம்ம ஊர்ல எழுதி, சொத்தும் இங்கனயே இருந்தா அது வேண்டாம்."

"புரொபேட்டுன்னா?"

"இது செத்தவன் எழுதினதுதான்னு கோர்ட்டு விசாரிச்சு முத்திரை போட்டுக் குடுக்குறது."

"செத்தவன் வந்து சொல்லமாட்டானே."

"அதுக்குத்தான் சாட்சி."

சாட்சி என்றதும் உனக்கு இன்னொரு யோசனை வந்தது. ரிஜிஸ்தர் ஆபீஸ் வேண்டாம் என்றாய். சிவகாசி ரிஜிஸ்தர் ஆபீஸில் வைத்த கையெழுத்து காய்வதற்குள் செய்தி விருதுநகர் பருப்புக்கடைக்குப் போய்விடும் என்றாய். அது உண்மை. நான் மறுக்கவில்லை. உன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றேன். வரைவை நானே எழுதிக் கொடுத்தேன். முறையையும் சொன்னேன். முதலில் நீ கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேர் அதைப் பார்க்க வேண்டும். பிறகு அவர்கள் உன் முன்னால் போட வேண்டும். இதில் எந்தப் பகுதியும் அறிவாளிகளுக்காக எழுதப்பட்டதல்ல.

"நான் வரட்டுமா?" என்றேன்.

"நீ வராத. வக்கீல் எங்க வீட்டுப் படி ஏறினா எதிர்வீட்டுக்காரன் பாடைக்கு மூங்கில் வெட்டப் போயிருவான்."

நான் வரவில்லை. அன்று நடந்ததெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டதுதான்.

புதன்கிழமை. ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் என்று நீ குறித்திருந்தாய். சாட்சிகள் இருவர். ஒருவர் விருதுநகரிலிருந்து வந்திருந்த வத்தல்கடை அண்ணாச்சி, உன் பழைய சிநேகிதர், ரகசியத்தை வெளியே விடாதவர். இன்னொருவர் உன் மெஷின்மேன் கருப்பசாமி. எம். புதுப்பட்டிக்குப் போக வேண்டிய லேபிள் லோடு அன்றைக்கென்று தாமதமானது. மெஷினை விட்டுக் கருப்பசாமியால் வர முடியவில்லை. அவன் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தபோது முனிசிபாலிட்டியின் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதி முடித்திருந்தது. புதன்கிழமை ராகு காலம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணாச்சிக்கு ஒரு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். "போட்டுருவமா?" என்று அவசரப்படுத்தினார்.

"நான் எப்படி இப்பப் போடுவேன் அண்ணாச்சி? மணி என்ன பாத்தீகளா? நீங்க ரெண்டு பேரும் போட்டுட்டுப் போங்க. நான் நேரம் வந்ததும் போட்டுக்கிடுதேன்."

"எங்களுக்கு மட்டும் ராகு இல்லையோ?"

"உங்களுக்கென்ன, நீங்க வெறும் சாட்சி. சாகப்போறவன் நான்ல?"

அண்ணாச்சி சிரித்தாராம். மேலே உனக்கு இடம் விட்டுவிட்டு, கீழே இருவரும் போட்டார்கள். அவர் பஸ் ஏறினார். கருப்பசாமி மெஷினுக்குப் போனான். ஒன்றரை தாண்டியதும் நீ கைகால் கழுவி, கிழக்கே பார்த்து உட்கார்ந்து, விட்டிருந்த இடத்தில் உன் பெயரை எழுதினாய். பார்த்துக்கொண்டிருந்தது பொன்னுத்தாய் மட்டும். சோறு ஆறிப்போகிறது என்று சொன்னதாக அவளுக்கு நினைவு.

மறுநாள் என்னிடம் தாளைக் கொண்டுவந்து நீட்டினாய். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது முகம்.

"முடிச்சுட்டேம்லே."

"ரெண்டு பேரும் இருந்தாகளா?"

"இருந்தாக."

"போட்டாகளா?"

"கண்ணு தெரியலையா? பாரு."

பார்த்தேன். மேலே நீ, கீழே அவர்கள் இருவர். ஒரு தாளில் மூன்று கையெழுத்து வரிசையாக இருந்தால், எது முதலில் காய்ந்தது என்று தாள் சொல்லாது.

அதற்குப் பிறகு சில வருஷம் நன்றாகத்தான் இருந்தாய். கருப்பசாமி தினமும் உன் கண் முன்னால் மெஷினில் நின்றான். அண்ணாச்சி மாதம் தவறாமல் வந்து உன் வீட்டில் சாப்பிட்டுப் போனார். அந்த நாட்களில் ஏதாவது ஒன்றில் நீ அவர்கள் இருவரையும் கூப்பிட்டு, 'இது என் கையெழுத்து' என்று சொல்லிக் காட்டி, அதற்குக் கீழே இன்னொரு முறை போடச் சொல்லியிருந்தால் போதும். சட்டம் அவ்வளவு தாராளமானது. அதற்கும் நல்ல நேரம் பார்த்திருக்கலாம். எத்தனையோ வந்து போயின.

நீ காய்ச்சலில் விழுந்து, ஒரு வாரத்தில் போய்விட்டாய். கருமாதி முடிந்த பதினைந்தாம் நாள் ராஜாமணி அம்மாளிடமிருந்து நோட்டீஸ் வந்தது. பின்னால் நின்றது அவருடைய தம்பி. உயில் பொய், பொன்னுத்தாய் ஆள் வைத்துத் தயாரித்தது, சொத்து முழுவதும் சட்டப்படி மனைவிக்கே என்று வழக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் பொன்னுத்தாய்க்கு நான் ஆஜரானேன். உயில் நின்றால் வீடும் அச்சகமும் அவளுக்கு. விழுந்தால் அவள் கட்டியிருக்கும் சேலை அவளுக்கு. நடுவில் வேறு எதுவும் இல்லை.

உயிலை நிரூபிக்க, கையெழுத்துப் போட்ட சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருந்தால் அவர் கூண்டேற வேண்டும். அண்ணாச்சி உனக்கு ஆறு மாதம் முன்பே போய்ச்சேர்ந்திருந்தார். மிச்சம் கருப்பசாமி.

அவன் புது வேட்டி கட்டி வந்திருந்தான். மொதலாளிக்குச் செய்யும் கடைசி வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தானாம். நான் கேட்டவற்றுக்கு நன்றாகவே சொன்னான். இது யார் கையெழுத்து? மொதலாளியுது. இது? என்னுது. அன்று அவர் அங்கே இருந்தாரா? பக்கத்துலதான் உக்காந்திருந்தாக. புத்தி தெளிவாக இருந்தாரா? எங்க எல்லாரையும் விடத் தெளிவா இருந்தாகய்யா.

பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். கையில் ஒரு பழைய காலண்டர்.

"நீ கையெழுத்துப் போட்டது எத்தனை மணிக்கு?"

"மத்தியானச் சோத்து நேரமுங்க. சங்கு ஊதிக் கொஞ்ச நேரம் இருக்கும்."

"அன்று புதன்கிழமை. இந்தக் காலண்டரில் ராகு காலம் என்ன போட்டிருக்கிறது?"

"பன்னெண்டு டு ஒண்ணரை."

"பார்க்காமலே சொல்கிறாயே. யார் அச்சடித்தது?"

"எங்க மொதலாளி. மெஷின் ஓட்டினது நான்தான்."

கோர்ட்டில் சிரித்தார்கள். வக்கீல் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார். நகம் வெட்டுவதற்குக்கூட ராகு காலம் பார்த்த மனிதர், தன் மரண சாசனத்தில் அதே ராகு காலத்தில் கையெழுத்துப் போட்டார் என்று சொல்லக் கருப்பசாமிக்கு வெட்கமாக இல்லையா, இது அவனும் பொன்னுத்தாயும் பின்னால் உட்கார்ந்து தயாரித்த பத்திரம்தானே என்று கேட்டார்.

அவன் மேல் பழி போட்டதைக் கருப்பசாமி பொறுத்திருப்பான். உன்னை ராகு காலத்தில் கையெழுத்துப் போட்டவன் என்று சொன்னதைப் பொறுக்க முடியவில்லை.

"எங்க மொதலாளிய என்னன்னு நெனச்சீக? ராகு காலத்துல போடுறதுக்கு அவுக என்ன கூறு கெட்டவுகளா? போட்டது நாங்க ரெண்டு பேருங்க. அவுக தொடவே இல்ல. நீங்க போட்டுட்டுப் போங்க, நான் நல்ல நேரம் பாத்துப் போட்டுக்கிடுதேன்னு சொன்னாக. அண்ணாச்சி பஸ்ஸுக்குப் போயிட்டாரு. நான் மெஷினுக்குப் போயிட்டேன். அவுக நேரம் தவறிப் பேனாவைத் தொட்டாகன்னு யாராச்சும் சொன்னா நாக்கு அழுகிப்போகும்!"

எதிர்த்தரப்பு வக்கீல் போர்ஜரி என்று ஒரு சின்ன மீனுக்குத்தான் தூண்டில் போட்டிருந்தார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தாமே கேட்டார்.

"நீங்க கையெழுத்துப் போட்டப்போ, மேலே அவர் கையெழுத்து இருந்ததா?"

"இல்லீங்கய்யா. வெள்ளையா இருந்துச்சு."

"பிறகு எப்போதாவது அவர் உங்களிடம் அதைக் காட்டி, நான் போட்டுவிட்டேன் என்று சொன்னாரா?"

"எதுக்குய்யா காட்டணும்? போடுதேன்னு சொன்னாப் போட்டுருவாக. சொன்ன சொல்லு மாறாதவுக."

பொன்னுத்தாயும் கூண்டேறினாள். அண்ணன் போட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்றாள். நீதிபதி மிகவும் மரியாதையாக, நீங்கள் ஒருவர்தானே பார்த்தீர்கள் அம்மா என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

தீர்ப்பு கண்ணியமாக எழுதப்பட்டிருந்தது. கையெழுத்து உன்னுடையதுதான் என்று கோர்ட் நம்பியது. சொத்தைத் தங்கைக்குக் கொடுப்பதே உன் விருப்பம் என்று நம்பியது. பொன்னுத்தாய் எந்த மோசடியும் செய்யவில்லை என்று தனியாக ஒரு பத்தி எழுதியது. கருப்பசாமியைப் போல உண்மை பேசும் சாட்சி அபூர்வம் என்று பாராட்டியது. இவ்வளவு பேரையும் நம்பிவிட்டு, உயில் செல்லாது என்று முடித்தது. நீ போட்டதைப் பார்த்தவர்கள் போடவில்லை, போட்டவர்கள் பார்க்கவில்லை. எனவே நீ உயில் எழுதாமல் இறந்தவன். எனவே முதல் வகுப்பு.

வெளியே தாழ்வாரத்தில் இரண்டு பெண்களும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். நான் கேஸ் கட்டை முடிந்துகொண்டிருந்தேன். ராஜாமணி அம்மாள் வெள்ளைச் சேலையில் இருந்தார். உன்னால் அவருக்குக் கிடைத்தவற்றில் அதுவும் ஒன்று.

"பொன்னு, சாப்பிட்டியா?"

"இல்ல மதினி."

"உங்க அண்ணன்கூட நான் இருந்தது ஆடி பொறக்குற வரைக்கும். மூஞ்சிகூடச் சரியா ஞாபகம் இல்ல. கோர்ட்டுல போட்டோவைக் காட்டி இவர்தானேன்னாக. ஆமான்னேன்."

"நீங்க வந்திருக்கலாமே மதினி."

"யாரு கூப்பிட்டா? நீ ஒரு கடுதாசி போட்டியா? அம்புட்டு வருசமும் எம் புருசனுக்குச் சோறு பொங்கிப் போட்டிருக்கே. அதுக்குக் கூலி எம்புட்டுன்னு சொல்லிரு. பாக்கி வேண்டாம்."

பொன்னுத்தாய் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "நீங்க போட வேண்டிய சோறு மதினி. நீங்களே ஒரு கணக்குச் சொல்லுங்க."

ராஜாமணி அம்மாளின் தம்பி குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, ஜட்கா வந்துவிட்டது என்றார். பிறகு ஓர் ஆள் மூலமாக, இருக்க இஷ்டமென்றால் பொன்னுத்தாய் அந்த வீட்டிலேயே இருக்கலாம், சமையலுக்கு எப்படியும் ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

அச்சகத்தை இப்போது மைத்துனர்தான் நடத்துகிறார், கல்யாணப் பத்திரிகை வெளியில் அச்சான அதே மைத்துனர். வேலை சுத்தமாக இருக்கிறது. பிள்ளையாரின் மூக்கு நன்றாக விழுகிறது. கருப்பசாமியை வைத்துக்கொண்டிருக்கிறார், அப்படி ஒரு நேர்மையான ஆளை யார் விடுவார்கள்?

அவன் ஒருநாள் என் ஆபீஸுக்கு வந்தான். தீர்ப்பை அவனுக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. கோர்ட்டில் பணம் விளையாடிவிட்டது என்று அவனாக நினைத்துக்கொண்டிருந்தான்.

"வக்கீலய்யா, நம்ம கேஸ் தோத்தது போகட்டும். நான் சொன்னது நல்லாச் சொன்னேன்ல? மொதலாளி பேருக்கு ஒரு சொல்லு வராமப் பண்ணிட்டேன்ல?"

"நல்லாச் சொன்னே" என்றேன். மோர் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். உன் சொத்தில் என் பங்காக வந்து சேர்ந்தது அந்தப் பதில்தான். யாருக்கும் மாற்றி எழுத முடியாதபடி வைத்திருக்கிறேன்.

தொழிலில் ஒரு மாறுதல் உண்டு. யாராவது உயில் எழுத வந்தால் சொத்து விவரம் கேட்பதற்கு முன்னால் ஜாதகம் நம்புவீர்களா என்று கேட்கிறேன். ஆமாம் என்றால், நானே போய் உட்காருகிறேன். எதிர்வீட்டுக்காரர்கள் மூங்கில் வெட்டினால் வெட்டட்டும்.

பொன்னுத்தாய் இப்போது எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். சரம் பின்னும் வேலை. ஆட்களை ஏற்றிப் போகக் காலையில் கம்பெனி லாரி வருகிறது. உட்கார இடம் முதலில் ஏறுகிறவர்களுக்கு. அவள் ஏறும் இடம் கடைசி, நின்றுகொண்டு போகிறாள்.